எந்த வயதில் டாக்டருக்குப் படிப்பது: தாளில் போட்டுப் பார்க்கும் கணக்கு

போன தீபாவளிக்கு மறுநாள் என் சித்தி மகன் சிங்கப்பூரில், ஹவ்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பொறியாளர் வேலை, வயது 29. முறுக்கைக் கடிக்காமல் விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. மற்றவர்கள் எழுந்துபோனதும் கேட்டான்: “அக்கா, இந்த வயசுல டாக்டருக்குப் படிக்கப் போனா ரொம்ப லேட்டா?”

நான் சேர்ந்தபோது எனக்கு வயது 31. அதற்குமுன் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மகளுக்கு 3 வயது. 35இல் பட்டம், 36இல் ஹவுஸ்மன் ஆண்டு (பட்டம் வாங்கியதும் மருத்துவமனையில் செய்யும் முதல் பயிற்சி ஆண்டு) முடிந்தது, 39இல் குடும்ப மருத்துவப் பயிற்சி முடிந்தது, 40இல் பாண்டு (மானியத்துக்கு ஈடாக அரசாங்கத்துக்கு வேலை செய்யும் காலம்) முடிந்தது. இப்போது 44, வடகிழக்கில் ஒரு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டராக உட்கார்ந்திருக்கிறேன். அதனால் சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், பக்கத்து புளோக் பையன் என்று யாராவது இந்தக் கேள்வியோடு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாரையும் ஒரு ஏ4 தாளும் பென்சிலும் எடுத்துவரச் சொல்கிறேன்.

சேரும் வாசலில் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயது தன் வேலையைக் காட்டுவது பிறகுதான்: இராத்திரி 3 மணிக்கு வார்டில், அம்மா விழுந்த அன்று, எந்தத் துறைக்குப் போவது என்று முடிவெடுக்கும் வருடத்தில். அதற்குத்தான் தாள்.

இடது ஓரத்தில் அடுத்த 15 ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே ஐந்து தலைப்பு: நான், அம்மா அப்பா, கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், வீட்டுக் கடன். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆண்டில் அவரவர் வயது. வீட்டுக் கடன் கட்டத்தில் மீதித் தொகை. இவ்வளவுதான் வேலை, பத்து நிமிடம் ஆகும். பிறகு ‘நான்’ தலைப்பின்கீழ் எந்த ஆண்டு படிப்பு, எந்த ஆண்டு ஹவுஸ்மன், எந்த ஆண்டு சிறப்புப் பயிற்சி என்று குறித்துவிட்டுக் குறுக்கே படியுங்கள்.

2011இல் நான் போட்ட தாளில் இரண்டே தலைப்புகள்தான் இருந்தன: நான், மகள். அம்மாவுக்கு அப்போது 61. தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கி, இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார். அவருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. 2016 கடைசியில், அறுவைப் பிரிவில் நான் ஹவுஸ்மனாக இருந்தபோது, ஓர் இரவு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. எனக்கு அன்று கால். (கால் என்றால் எங்கள் பேச்சில் இராப்பணி. கால்வலியும் சேர்ந்தே வரும் என்பதால் பெயர் பொருத்தம்தான்.) அண்ணன்தான் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸில் கூடப் போனான். செய்தி பார்க்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அம்மா பிழைத்துவிட்டார், வலது கை மட்டும் இன்றும் முழுதாக மூடாது. கட்டத்தில் 66 என்று எழுதி வைத்திருந்தால் பக்கவாதம் வராமல் போயிருக்காது. ஆனால் அந்த ஆண்டில் எனக்கு நேரமே இருக்காது என்று அண்ணனிடம் முன்கூட்டியே பேசியிருப்பேன், பணிப்பெண்ணை ஒரு வருடம் முன்பே வைத்திருப்பேன், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை எண்ணிப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்திருப்பேன். ஆகவே இரண்டாவது தலைப்பை யாரும் விட்டுவிடாதீர்கள்.

வாசல்கள்

சிங்கப்பூரில் மூன்று மருத்துவப் பள்ளிகள். கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் பள்ளி. 1905இல் தொடங்கிய பழைய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது, ஐந்தாண்டுப் படிப்பு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் பள்ளி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது, இதுவும் ஐந்தாண்டு. மூன்றாவது, ஊட்ரமில் பொது மருத்துவமனையை ஒட்டியிருக்கும் டியூக்-என்யுஎஸ். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது, நான்காண்டு. முதல் மாணவர்கள் 2007இல் சேர்ந்து 2011இல் வெளியே வந்தார்கள். என்ன பட்டம் என்பது தடையில்லை. பொறியியலும் சரி, சட்டமும் சரி, வரலாறும் சரி.

தொடக்கக் கல்லூரியிலிருந்து நேராகப் போகும் பெண் பிள்ளை ஏறக்குறைய 19இல் சேர்ந்து 24இல் முடிப்பாள். பையனுக்கு நடுவில் தேசிய சேவை (கட்டாயப் படைப்பணி) இரண்டு ஆண்டு. 21இல் சேர்ந்து 26இல் முடிப்பான். அந்த இரண்டு ஆண்டை யாரும் தாமதம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் நின்ற எட்டு ஆண்டைத்தான் எல்லாரும் விரல்விட்டு எண்ணினார்கள்.

ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பட்டத்துக்கு அரசாங்கக் கல்வி மானியம் வாங்கியிருந்தால், இன்னோர் இளநிலைப் பட்டத்துக்கு அது மறுபடி கிடைக்காது. ஐந்தாண்டுப் பள்ளியில் மானியத்தோடு படிக்கும் குடிமகனுக்கே ஆண்டுக் கட்டணம் 30,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டும். மானியம் இல்லையென்றால் அதைவிடப் பல மடங்கு. 27, 28 வயதில் வருகிறவர்களுக்கு நடைமுறையில் ஊட்ரம் வாசல்தான் திறந்திருக்கிறது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அங்கே குடிமக்களுக்கு மானியம் உண்டு. இருந்தும் ஆண்டுக்கு 50,000 வெள்ளிக்கு மேல் வரும்.

“ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தால் என்ன?” என்று கேட்காத மாமா இல்லை. இந்தியாவில் நீட் எழுத முன்பு பொதுப் பிரிவுக்கு 25 வயது என்று வரம்பு இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் 35 வயதிலும் எழுதலாம்தான். ஆனால் வாங்கிய பட்டம் சிங்கப்பூரில் செல்லுமா என்பது தனிக்கதை. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியலை 2020இல் 160லிருந்து 103ஆகக் குறைத்தார்கள். அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும். முன்பணம் கட்டுவதற்குமுன் அன்றைய தேதிக்குப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். ஏஜெண்ட் காட்டும் தாள் வேண்டாம்.

நுழைவுத் தேர்வு

ஊட்ரம் வாசலுக்கு எம்கேட் அல்லது காம்சாட், இரண்டில் ஒன்று. எம்கேட் அமெரிக்கத் தேர்வு. மதிப்பெண் 472இல் தொடங்கி 528 வரை. இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். ஆயுளுக்கு 7 முறைதான் எழுதலாம். காம்சாட் ஆஸ்திரேலியத் தேர்வு, மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கும், கட்டுரையும் எழுத வேண்டும். அறிவியல் பட்டம் இல்லாதவர்கள், எழுத்து கைவந்தவர்கள் காம்சாட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

நான் எம்கேட் எழுதினேன். 2015இல் அதன் வடிவமே மாறிவிட்டது, ஆகவே என் மதிப்பெண்ணைச் சொல்லிப் பயனில்லை. என் தவறைச் சொல்கிறேன். வேதியியல் எட்டு வருடம் கற்பித்தவள் என்ற தைரியத்தில், வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு எதுவுமே செய்யவில்லை. அதில்தான் விழுந்தேன். பத்து வருடமாக வேலை சம்பந்தமான மின்னஞ்சல் தவிர வேறு எதையும் நான் நீளமாக வாசிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாம் முறைக்கு ஆறு மாதம், தினமும் காலை 5 மணிக்கு எழுந்து, பழக்கமில்லாத துறைக் கட்டுரை இரண்டு வாசித்தேன். கலை விமர்சனம், மானுடவியல், இப்படி. வேலையை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். தேர்வுக்கே வேலையை விட்டால் சேமிப்பு அப்போதே கரையும். அது நான்காண்டுக்கு வேண்டிய பணம்.

பணம்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரு சம்பளத்தில் நான்கு வருடம் ஓட்டிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அரிசி, பஸ், பாலர் பள்ளிக் கட்டணம், பொங்கல் துணி வரைக்கும் எழுதினோம். வீட்டுக் கடன் என்ற ஒன்று நினைவுக்கே வரவில்லை. ஏன் தெரியுமா? அது எங்கள் கையிலிருந்து போனதே இல்லை. வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீட்டுத் தவணை முழுவதும் இருவர் மசேநிதிக் கணக்கிலிருந்தும் (மத்திய சேமநிதி, சம்பளத்தில் பிடித்துச் சேர்ப்பது) கழிந்துகொண்டிருந்தது. நான் வேலையை விட்டதும் என் மசேநிதியில் புதிதாக எதுவும் விழவில்லை. சில மாதத்தில் சாதாரணக் கணக்கு காலி. என் பங்குத் தவணையை ரொக்கமாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. தாலிச் சங்கிலி ஒன்றரை வருடம் அடகில் இருந்தது. மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. (இதை வாசித்தால் தெரியும்.)

அதனால் ஐந்தாவது தலைப்பு. படிக்கும் நான்காண்டும் உங்கள் பங்குத் தவணையை ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று எழுதுங்கள். கல்விக் கட்டணத்துக்குக் கடன் கிடைத்துவிடும். தவணைக்கும் அரிசிக்கும் யாரும் கடன் தருவதில்லை. 22 வயதில் அப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறவனுக்கு இந்தத் தலைப்பே தேவைப்படாது. வயது முதலில் பிடிப்பது பணப்பையைத்தான்.

பாண்டு

மானியத்தோடு படித்தால் சுகாதார அமைச்சுக்கு வேலை செய்துகொடுக்க வேண்டும். ஐந்தாண்டுப் பள்ளிகளில் குடிமக்களுக்கு 5 ஆண்டு. டியூக்-என்யுஎஸ்ஸில் குடிமக்களுக்கு 4 ஆண்டு. நிரந்தரவாசிகளுக்கு இதைவிடக் கூடும். ஹவுஸ்மன் ஆண்டு இதில் சேர்த்தியா என்று கையெழுத்துப் போடும்முன் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் தாளில் ஒரு வரிசை கூடுவதும் குறைவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வயதானவருக்குப் பாண்டு பெரிய சுமை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 36 வயதில் குழந்தை வைத்திருப்பவளுக்கு நான்கு வருடம் உறுதியான வேலை கசக்குமா? பாண்டு உறுத்துவது வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு.

இராத்திரிகள்

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஹவுஸ்மன் ஆண்டுக்கு இப்போது காகிதத்தில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வார்டில் இன்னும் ஹவுஸ்மன்தான். வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு: நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி. 80 என்பதே என்ன கணக்கு என்று பாருங்கள். பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தும் மாதத்தில்கூட நான் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருப்பேன், அவ்வளவுதான்.

என்னோடு ஹவுஸ்மனாக இருந்த 24 வயதுப் பெண்ணுக்கு, கால் முடிந்து ஆறு மணி நேரம் தூங்கினால் போதும். மாலையில் பூப்பந்து ஆடப் போவாள். எனக்கு இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் தூங்கி எழுந்தாலும் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். ஒருநாள் காலை ஊட்ரம் பார்க்கில் வடகிழக்கு ரயில் ஏறினேன், ஹவ்காங்கில் இறங்க வேண்டும். கண் விழித்தபோது புங்கோல். அப்போது அதுதான் கடைசி நிலையம். திரும்ப ஏறினேன், மறுபடி விழித்தபோது ஹார்பர்ஃபிரண்ட், அந்தப் பக்கக் கடைசி. மூன்றாவது முறை உட்காரவே இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. நான் கார் ஓட்டியிருந்தால்?

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சேருவதற்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க விழித்திருங்கள். சும்மா படம் பார்த்துக்கொண்டு வேண்டாம். மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து நிமிடம் நடந்து, ஏதாவது கணக்குப் போட்டு, எழுதி வையுங்கள். பிறகு சனி, ஞாயிறு எப்படி இருக்கிறீர்கள், பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளாதீர்கள். என் கணவர் எனக்கு நூற்றுக்கு 40 போட்டார். அந்த 40ஐ வைத்துத்தான், கால் முடிந்த மறுநாள் மகளை மாமியார் பார்த்துக்கொள்வது, அன்று வீட்டில் சமையல் கிடையாது, முக்கியப் பேச்சு எதுவும் கிடையாது என்று விதி வைத்தோம். ஹவுஸ்மன் ஆண்டு முடியும்வரை அந்த விதி நின்றது.

நினைவாற்றலைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். அதில் பயப்பட அவ்வளவு இல்லை. இளையவர்கள் ஒரே இரவில் விழுங்குவதை நான் ஐந்து காலையில் மென்றேன். மறந்துபோகும் நேரம் பார்த்து மறுபடி கேட்கும் அட்டை முறையைப் பழகிக்கொள்ளுங்கள், போதும். அப்புறம் குழுவில் யாருக்காவது பாடம் நடத்துங்கள். அமில-காரச் சமநிலையை நான் விளக்க, இதயத்துடிப்புப் படத்தை ஒரு பொறியியல் பையன் எனக்கு விளக்கினான்.

உங்களைவிடச் சின்னவர்கள் மேலே இருப்பார்கள்

என் முதல் எம்ஓவுக்கு (மருத்துவ அதிகாரி, ஹவுஸ்மனுக்கு ஒரு படி மேல்) வயது 27. என் பழைய மாணவர்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. முதல் வாரத்தில் ஒருநாள் ரவுண்டு முடிந்ததும், ஒரு பாட்டியின் குடும்பமே என்னைச் சூழ்ந்துகொண்டது. “டாக்டரம்மா, ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.” என் நரையைப் பார்த்து நான்தான் பெரிய டாக்டர் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற எம்ஓவைப் பயிற்சி மாணவன் என்று நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒழுங்காக பிளக் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தும் குழாய்) போடக்கூடத் தெரியாது. பாட்டியின் கையில் இரண்டு முறை குத்தித் தவறவிட்டிருந்தேன்.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவையுங்கள். நான் சொன்னது இது: “நான் இங்க புதுசும்மா. முடிவு சொல்றவர் இவர்தான். நீங்க கேக்கறத நான் இவர்கிட்ட சரியா கொண்டுபோறேன்.” தயங்கினால் குடும்பம் தவறாக நம்பும், எம்ஓவுக்கும் சங்கடம். மருத்துவத்தில் மட்டும் தம்பி வயதுக்காரரிடம் ‘தெரியவில்லை, காட்டிக்கொடுங்கள்’ என்று கேட்க வெட்கப்படக் கூடாது. இதற்கு வெட்கப்படுகிறவர்களைத்தான் 30க்கு மேல் சேர வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

நரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2020 ஏப்ரலில், வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கிருமித்தொற்று பரவியபோது, தமிழ் பேசுகிறவர் என்று என்னையும் அனுப்பினார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், மூச்சு முட்டுகிறது என்பதை மூன்று நாள் மறைத்திருந்தான். சம்பளம் பிடிப்பார்கள் என்று பயம். ‘என்னப்பா, வீட்ல யாருக்குப் பணம் அனுப்பணும்?’ என்று கேட்டதும்தான் வாய் திறந்தான். தங்கை கல்யாணம். 24 வயதில் அந்தக் கேள்வியை நான் கேட்டிருப்பேனா, தெரியாது.

எந்தத் துறை

ஹவுஸ்மன் முடித்தபின், இடம் கிடைத்தால், குடும்ப மருத்துவப் பயிற்சி 3 ஆண்டு. உள்மருத்துவம் 3, அதற்குமேல் இதயநோய்த் துறைக்கு இன்னும் 3. பொது அறுவை 5, நரம்பியல் அறுவை 6. இடம் உடனே கிடைக்காமல் எம்ஓவாக ஓரிரு வருடம் காத்திருப்பதும் சகஜம். அப்போது ஆறு மாதத்துக்கொருமுறை வேலையிடம் மாறலாம், பிள்ளையைப் பள்ளியில் விடும் ஏற்பாடும் கூடவே மாறும். அம்மாவையும் சேர்த்துப் புதிதாகப் போட்ட என் தாளில் அறுவை 41இல் முடிந்தது, காத்திருப்பு இல்லாமல். அறுவை எனக்குப் பிடித்திருந்தது, இப்போது சொல்வதற்கென்ன. ஆனால் 41 வரை கால், அதே வருடத்துக்கு முந்தின வரிசையில் மகளின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அம்மாவுக்கு 71. குறுக்கே படித்தேன். குடும்ப மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வயதால் பறிபோனது ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டால், இது ஒன்று.

இரண்டாவது குழந்தை வேண்டும் என்பவர்கள் அதையும் தாளில் எழுதுங்கள். படிப்பின் நடுவில் ஓர் ஆண்டு நிறுத்திவைக்கலாமா என்று சேரும்முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் மூன்றாம் ஆண்டு ஆய்வு ஆண்டு. வார்டு ஆண்டுகளைவிட நேரம் கொஞ்சம் நம் கையில் இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு, ஓர் ஆண்டு தோற்றுவிட்டேன், 27இல் முடிக்க வேண்டியது 28 ஆகிறது என்று அழுபவர்களுக்குத் தாள் வேண்டாம். நோயாளி யாரும் என்னிடம் எந்த வருடம் முடித்தாய் என்று கேட்டதில்லை.

சித்தி மகன் அன்று இரவே தாளை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பினான். 29, 33, 34, 37. பக்கத்தில் சித்திக்கு 58, 62, 63, 66. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், அதனால் மூன்றாவது தலைப்பை வெறுமையாக விட்டிருந்தான். அதை நிரப்புகிறவள் வரட்டும், தாளை அவளிடம் காட்டிவிட்டு எம்கேட்டுக்குப் பணம் கட்டு என்று பதில் போட்டேன்.